பீச்சாங்கை வீரனும் திருப்பிப் போட்ட உலகமும்

‘ட்வைலைட் பிரின்சஸ் விளையாடணும், எந்தப் பதிப்பை வாங்குறது?’ என்று யாராவது கேட்டால் நம் பசங்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். எது மலிவோ அதை எடு. கொஞ்சம் விவரமானவர் என்றால், எதில் படம் துல்லியமோ அதை எடு. இரண்டும் சோம்பேறிப் பதில்கள். புதுமைப்பித்தன் கதைகளுக்கு எந்தப் பதிப்பை நம்பலாம் என்று இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் மல்லுக்கு நிற்கிற அதே ஆட்கள், வீடியோ விளையாட்டு என்று வந்ததும் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று கையை உதறிவிடுகிறார்கள். ஒண்ணு இல்லை. இந்த விளையாட்டின் விஷயத்தில் நிச்சயமாக இல்லை.

விவரம் இதுதான். செல்டா வரிசையில் வந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ நிண்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக உருவாக்கப்பட்டது. 2004இல் முதல் முன்னோட்டம் காட்டினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் கேம்கியூப்புக்கு வயதாகிவிட்டது, வீ என்ற புதுக் கருவி வாசலில் நின்றது. புதுக் கருவிக்கு ஒரு பெரிய விளையாட்டு வேண்டுமே! 2006 நவம்பரில் வட அமெரிக்காவில் வீ விற்பனைக்கு வந்த அன்றே இதுவும் வந்தது. எந்தக் கருவிக்காகச் செய்தார்களோ அந்தக் கேம்கியூப்பின் பதிப்பு அடுத்த மாதம்தான் கடைக்குப் போனது. ஜப்பானில் அதுவும் இல்லை, நிண்டெண்டோவின் இணையக் கடையில் மட்டும்தான் கிடைத்தது. மூத்த பிள்ளையைப் பின்வாசல் வழியாக அனுப்பிய கதை.

இவ்வளவுதான் என்றால் வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் கதாநாயகன் லிங்க் இடக்கைக்காரன். அந்த வரிசையில் அதுவரை அவன் இடது கையில்தான் வாள் பிடித்து வந்திருந்தான். வீ கருவியிலோ ரிமோட்டை ஆட்டினால் வாள் வீச்சு. ஆட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். நம் கை ஒரு பக்கம், அவன் கை ஒரு பக்கம் என்றால் இடிக்குமாம். அதனால் என்ன செய்தார்கள்? கடைசிக் கட்டத்தில் விளையாட்டு முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்கள். லிங்க்கை மட்டும் இல்லை. ஊர், காடு, ஏரி, கோட்டை, எல்லாவற்றையும்.

‘சூரியன் மேற்கே உதித்தாலும் நடக்காது’ என்று நம்மூரில் சொல்வார்கள். வீ பதிப்பில் சூரியன் மேற்கேதான் உதிக்கிறது. பெயரிலேயே அந்தியை வைத்திருக்கிற ஒரு விளையாட்டு, அதில் பொழுது கிழக்கே சாய்கிறது! இதைக் கவனிக்காமலேயே லட்சக்கணக்கானோர் விளையாடி முடித்திருக்கிறார்கள். விற்றதில் பெரும்பங்கு இந்தப் பதிப்புதான்.

கவனிக்கவில்லை என்றால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1998இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ விளையாடியவரைக் கேளுங்கள். அதில் பாலைவனம் மேற்கே, ககாரிக்கோ கிராமமும் மரண மலையும் கிழக்கே. ‘ட்வைலைட் பிரின்சஸ்’ அதே நாட்டுக்குப் பல தலைமுறைகள் கழித்துத் திரும்பிப் போகிற கதை. பழைய காலக்கோயில் காட்டுக்குள் இடிந்து கிடக்கிறது. பால்ய கால ஊருக்குப் பெரியவனாகித் திரும்பும்போது தெரு மாறியிருக்கும், ஆலமரம் போயிருக்கும், ஆனால் ஆறு எந்தப் பக்கம் என்று கால்களுக்குத் தெரியும் இல்லையா? கேம்கியூப் பதிப்பில் அது தெரிகிறது. வீ பதிப்பில் பாலைவனம் கிழக்கே போய்விட்டது, கிராமம் மேற்கே வந்துவிட்டது.

எனக்கு இதைவிடக் கோபம் தருவது அந்தக் கை. நானும் இடக்கைதான். பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்திருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ‘பீச்சாங்கையை எடு’ என்று தொடையில் அடி வாங்கியிருக்கிறேன். இடக்கைப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இது புதுக்கதை இல்லை. வாள் பிடித்த இடக்கைக்காரன் ஒருவனைத் திரையில் பார்ப்பது அந்த வயதில் சின்ன விஷயமே இல்லைங்க. அவனைப் பெரும்பான்மைக்குப் பொருந்த வைக்க ஒரு சூரியனையே இடம் மாற்றியிருக்கிறார்கள் என்றால், அதை ‘சின்ன வித்தியாசம்’ என்று எழுதுகிற விமர்சகர் வலக்கைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

வீ பதிப்புக்கு ஆதரவாகச் சொல்ல எதுவுமே இல்லையா? இருக்கிறது. அகலத்திரை உண்டு, கேம்கியூப்பில் பழைய சதுரத் திரை மட்டும்தான். ரிமோட்டால் குறிவைத்து அம்பு விடுவது உண்மையிலேயே சுகம். கைக்கருவிகளை மாற்றுவதும் சுலபம். ஆனால் வாள்? ரிமோட்டை உதறினால் லிங்க் வெட்டுவான், அவ்வளவுதான். நீங்கள் மேலிருந்து கீழாக வீசினாலும் பக்கவாட்டில் வீசினாலும் அதற்குத் தெரியாது. ஒரு பொத்தானை அழுத்துகிற வேலையை மணிக்கட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த உதறலுக்காகத்தான் உலகம் திரும்பியது. கேம்கியூப்பில் கேமராவை இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்க்கலாம், வீயில் அதையும் பறித்துவிட்டார்கள்.

அடுத்து 2016இல் வீ யூ கருவிக்கு வந்த எச்டி பதிப்பு. ஆஸ்திரேலியாவின் டான்டலஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. இதில் சாதாரண ஆட்டத்தில் லிங்க் மறுபடியும் இடக்கைக்காரன், பாலைவனம் மேற்கே. கண்ணாடி உலகத்தைக் கடின நிலை ஆட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எது மூலப்பாடம் என்று நிண்டெண்டோவே பத்து வருடம் கழித்துத் தீர்ப்பு எழுதியதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் எச்டியே போதுமே என்பீர்கள். உங்களிடம் வீ யூ ஏற்கனவே இருந்தால் தாராளமாக. ஆனால் அது சுருக்கப் பதிப்பு என்பது தெரிந்து வாங்குங்கள். ஒளித்துளிகளைத் தேடும் பகுதிகளில் 16ஐ 12 ஆக்கிவிட்டார்கள். பணப்பை நிறைந்திருந்தால் எடுத்த காசைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைக்கிற லிங்க்கின் கோணங்கித்தனமும் போய்விட்டது. துளி தேடுவது சலிப்புதான், மறுக்கவில்லை. நாவலில் நூறு பக்கம் சலிக்கிறது என்று வெட்டிய பதிப்பை நீங்கள் வாங்குவீர்களா? இதற்காகவே ஒரு வீ யூவைப் புதிதாகத் தேடி அலைவது வீண். அந்தக் கருவியின் இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடியாயிற்று.

‘எமுலேட்டரில் போட்டால் போச்சு’ என்கிற தம்பிகளே, அங்கேயும் எந்தப் பதிப்பின் கோப்பு என்ற கேள்விதான் முதலில் நிற்கும்.

கேம்கியூப் வட்டுக்கு வீ வட்டைவிட விலை கூடுதல். அதை மறைக்கவில்லை. ஆனால் கேம்கியூப் கருவியே வாங்கத் தேவையில்லை. பழைய வீ போதும், அது கேம்கியூப் வட்டுகளையும் ஓட்டும். பின்னால் வந்த சில மாதிரிகள் ஓட்டாது. அதனால் பழைய பொருள் விற்கிறவரிடம் போனால், மூடியைத் திறந்து கேம்கியூப் கட்டுப்பாட்டுக் கருவி செருக நான்கு துளைகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே ஆர்விஎல்-001 என்று எழுதியிருக்க வேண்டும். கருவியும் வட்டும் ஒரே பிராந்தியமா என்று கேளுங்கள், ஜப்பான் வட்டு அமெரிக்கக் கருவியில் ஓடாது. கேம்கியூப் மெமரி கார்டு ஒன்றும் வேண்டும், வீயின் உள் நினைவகத்தில் கேம்கியூப் ஆட்டம் சேமிக்காது. ‘அண்ணே, கார்டு இல்லாம தராதீங்க’ என்று சொல்லியே வாங்குங்கள்.