ஸ்ரீரங்கத்துக்கு அரை நாள் பத்தாதுங்க

ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வாங்கணும். அவ்வளவு கூட்டம். நிதானமா ரெண்டு நாள் இருக்கணும்னா ஸ்ரீரங்கம் வாங்களேன்.

பட்டணத்துலேர்ந்து வர்றவங்க தரிசனம், ராஜகோபுரத்துக்கு முன்னால ஒரு செல்ஃபி, மதியமே கிளம்பிடறாங்க. ஏழு சுத்து மதில்ல வெளிச்சுத்தெல்லாம் ஜனங்க குடியிருக்கற வீதி. விடியக்காலையில சித்திரை வீதியை நடந்து பாருங்க.

236 அடி ராஜகோபுரம் 1987லதான் முடிஞ்சது. எனக்கென்னவோ அதைவிட முக்கொம்புதான் பெருசு. காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற இடம். 2018 ஆகஸ்ட்ல அந்தப் பழைய அணையோட ஒன்பது மதகு உடைஞ்சப்போ எங்களுக்குத் தூக்கமே இல்ல. வாழைக்கு அந்தத் தண்ணிதானே!

அம்மா மண்டபத்துல தாராளமா குளிங்க. பழைய துணியை மட்டும் ஆத்துல விட்டுடாதீங்க. கீழ மதகுல வந்து சிக்குது. இழுத்துப் போடறது நாங்கதான்.