தந்த வாசல் வழியே வந்த பாட்டு

ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வானொலிக்கு நான்கு நிமிடம், சினிமாவுக்கு ஐந்து. அதற்கு மேல் போனால் கேட்பவர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார் என்று பாட்டை விற்பவர்கள் நம்புகிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேன்டீன் நிரம்புவதைப் பார்த்தவர்கள் இதை முற்றிலும் மறுக்க முடியாது.

1988இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உருவான ஃபேட்ஸ் வார்னிங் என்ற ஐவர் குழு இந்தச் சட்டத்தை மீறியது. அந்த ஆண்டு வெளிவந்த 'நோ எக்ஸிட்' என்ற இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பாடல்கள். திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பெயர் 'தி ஐவரி கேட் ஆஃப் டிரீம்ஸ்'. கனவுகளின் தந்த வாசல். நீளம் இரண்டு விநாடி குறைய 22 நிமிடம். உட்பிரிவுகள் எட்டு.

மெட்டல் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இசையில் இரைச்சல் உண்டு, ஆனால் இரைச்சல் மட்டுமே அது அல்ல. எண்பதுகளின் நடுவில் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. நான்கு நான்காக எண்ணும் தாளத்தை விட்டு ஐந்து, ஏழு என்று கணக்குப் போட்டது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ராக் ரசிகருக்கோ தரை நகர்ந்தது போலிருந்தது. ஒரே பாட்டுக்குள் வேகமும் மனநிலையும் பலமுறை மாறின. பிற்பாடு இதற்குப் 'புரோகிரசிவ் மெட்டல்' என்று பெயர் நிலைத்தது. கனடாவின் ரஷ் குழு 1976இலேயே '2112' என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுத்திருந்தது. இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் 1984இல் கோல்ரிட்ஜின் கிழமாலுமிக் கவிதையை 13 நிமிடத்துக்கு மேல் பாடியது. ஃபேட்ஸ் வார்னிங் இந்த இரண்டு வழிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அங்கேயே நிற்கத் தோன்றுகிறது.

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் 19ஆம் காண்டம். இருபது ஆண்டுகளாகக் கணவனுக்குக் காத்திருக்கும் பெனலபி, பிச்சைக்காரன் வேடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது அவன்தான் என்று தெரியாமல், தான் கண்ட கனவைச் சொல்கிறாள். அவள் வளர்த்த இருபது வாத்துகளை மலையிலிருந்து இறங்கிய கழுகு கொன்றுவிடுகிறது. நல்ல சகுனம் என்கிறான் அவன். அவளுக்கு நம்பிக்கை இல்லை. கனவுகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு, கொம்பால் ஆனது ஒன்று, தந்தத்தால் ஆனது மற்றொன்று என்கிறாள். கொம்பு வாசல் வழியே வருபவை பலிக்கும். தந்த வாசல் வழியே வருபவை ஏமாற்றும்.

ஏன் கொம்பு, ஏன் தந்தம்? கிரேக்க மொழியில் அது ஒரு சொல் விளையாட்டு. கொம்பைக் குறிக்கும் சொல் 'நிறைவேறு' என்ற வினையையும், தந்தத்தைக் குறிக்கும் சொல் 'ஏமாற்று' என்ற வினையையும் ஒலியில் ஒத்திருக்கின்றன. தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தால் தந்தத்துக்குத் 'தந்திரம்' தற்செயலாகக் கிடைத்துவிடுகிறது. கொம்புக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் யானைத் தந்தத்துக்கும் கொம்பு என்றே பெயர். பழைய இலக்கியத்தில் 'கோடு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். பெனலபி தமிழச்சியாக இருந்திருந்தால் இரண்டு வாசல்களும் ஒரே வாசலாகத் தெரிந்திருக்கும். எது பலிக்கும் கனவு, எது பொய்க் கனவு என்று கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது. உண்மையில் அவளுக்கும் அதுதான் நிலைமை. கண்ணகி 'கனாத்திறம் உரைத்த காதை'யில் தேவந்தியிடம் சொன்ன கனவு கொம்பு வாசல் வழியே வந்தது என்பது, மதுரை எரிந்த பிறகுதானே நமக்குத் தெரிகிறது!

பாட்டின் பொருளும் இதுதான். விழித்திருக்கும் வாழ்வை ஒத்திப்போட்டுவிட்டுக் கனவுக்குள் ஒதுங்குகிறவனின் கதை. ஒதுங்கிய இடம் இதமாக இருக்கிறது. அதுதான் ஆபத்து. தலைப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அவன் நுழைந்தது தந்த வாசலில் என்று. வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் இருக்கிறார். நாளை எழுதலாம், அடுத்த வருஷம் கிளம்பலாம் என்று சொல்லியே வயதாகிப் போகிறவர்.

எட்டுப் பகுதிகளின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே கதை புரியும். 'இன்னசன்ஸ்' என்ற முதல் பகுதி ஒரு நிமிடம் சொச்சம், மெல்லிய கிதாரோடு. பிறகு 'கோல்ட் டேஸ்' என்று கனமான தாக்குதல். 'நாட்கள்' என்பதையும் 'மயக்கம்' என்பதையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி உச்சரிப்பார்கள். குளிர்ந்த நாட்களா, குளிர்ந்த மயக்கமா என்பது எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தது 'டேலைட் டிரீமர்ஸ்', பகல் கனவுக்காரர்கள். நான்காவது 'குவையட்டஸ்'. லத்தீன் வழியே வந்த இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் கடன் தீர்ந்தது என்பது. பிறகு அதுவே சாவுக்கும் ஆகிவந்தது. இதை மொழிபெயர்க்க நமக்குச் சிரமமே இல்லை. 'கணக்கு முடிந்தது' என்று நாம் சொல்வதும் இதே அர்த்தத்தில்தான்.

ஐந்தாவது, 'ஐவரி டவர்'. வாசலாக இருந்த தந்தம் இங்கே கோபுரமாகிவிட்டது. நுழைந்தவன் உள்ளேயே குடியேறிவிட்டான் என்று அர்த்தம். எட்டில் நீளமானதும் மனதைப் பிடிப்பதும் இந்தப் பகுதிதான். வேகம் தணிகிறது, ராகம் நீள்கிறது. 'விஸ்பர்ஸ் ஆன் தி விண்ட்' கிட்டத்தட்டத் தாலாட்டு. கண் செருகும் நேரத்தில் 'அக்வியெசன்ஸ்' முகத்தில் தண்ணீர் அடிக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் இசைந்து அடங்கிப் போவது. அதன் லத்தீன் வேரும் 'குவையட்டஸ்' என்பதன் வேரும் ஒன்றே: ஓய்வு. நான்காவது பகுதியில் விதைத்தது ஏழாவதில் முளைக்கிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, அகராதி அவர்கள் பக்கம் இருக்கிறது. இசை மட்டும் அடங்கிப்போக மறுத்து ஆவேசமாக ஓடுகிறது. கடைசியில் 'ரெட்ரோஸ்பெக்ட்', ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொடக்கத்தின் மென்மை திரும்புகிறது. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், இடையில் ஒரு ஆயுள் போய்விட்டது.

இவ்வளவு இருந்தும் இந்தப் பாட்டு ஏன் பின்தங்கியது?

முதல் காரணம் சந்தை. வானொலி 22 நிமிடத்தைத் தொடாது. அந்த இசைத்தட்டிலிருந்து வீடியோவாக எடுக்கப்பட்டது முதல் பக்கத்துக் குறும்பாடலான 'சைலண்ட் கிரைஸ்'. இசைத்தட்டும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் நூறுக்குள் வரவில்லை. இரண்டாவது காரணம் அந்த ஆண்டே. 1988இல்தான் குவீன்ஸ்ரைக்கின் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' வந்தது, அயர்ன் மெய்டனின் 'செவன்த் சன்' வந்தது, மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வந்தது. மூன்று கல்யாணம் நடக்கும் தெருவில் நான்காவது வீட்டு நாதஸ்வரம் யார் காதில் விழும்?

மூன்றாவது காரணம் குடும்பச் சண்டை. குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளில் பாடியவர் ஜான் ஆர்ச். சுற்றிச் சுழன்று ஏறும் குரல். 1986இல் வந்த 'அவேகன் தி கார்டியன்' அவருடைய சிகரம். அதற்குப் பின் அவர் விலகினார். டெக்சாஸிலிருந்து ரே ஆல்டர் வந்தார். முதல் பதிவின்போது அவருக்கு இருபது வயது. வந்ததும் வராததுமாக 22 நிமிடப் பாட்டைத் தலையில் கட்டினார்கள். ஆர்ச் பக்தர்களுக்கு இது மாற்றாள். ஆல்டரைப் பிற்காலத்தில் விரும்பியவர்களுக்கோ 1989க்குப் பிந்தைய குழுதான் பிடித்தமானது. இரண்டு கட்சிக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது 'ஐவரி கேட்'. பிறகு 1992இல் டிரீம் தியேட்டர் பெரும்புகழ் பெற்றபோது, இந்த வகை இசையே அவர்களிடமிருந்துதான் தொடங்கியதாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள். அவர்களுடைய 23 நிமிட 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' வெளியானது 1995இல்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சில பகுதிகளுக்கு இடையே ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது. உச்ச ஸ்தாயியில் ஆல்டர் நிரூபிக்கப் பாடுவது போலிருக்கிறது. ஒலிப்பதிவும் சற்று மெலிவுதான். இதே குழு 1997இல் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ஒரே படைப்பாக 'எ ப்ளெசண்ட் ஷேட் ஆஃப் கிரே' என்ற முழு இசைத்தட்டையே தந்தது. தையல் தெரியாத வேலை அது. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஒத்திகை நடந்தது 1988இல்.

பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ரசிகர்கள். நம் உரையாசிரியர்கள் செய்த காரியத்தைத்தான் இவர்கள் செய்கிறார்கள். எந்தப் பகுதி எந்த விநாடியில் தொடங்குகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். முதல் பகுதி எட்டாவதில் எப்படித் திரும்புகிறது என்று காட்டுகிறார்கள். 1998இல் வந்த 'ஸ்டில் லைஃப்' மேடைப் பதிவையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாடபேதம் பார்க்கிறார்கள். இதில் அவர்களுக்குப் பைசா வருமானம் இல்லை. படைப்பு ஒன்று தன் காலத்தில் தோற்றுப்போவது பெரிய விஷயமில்லை. அடுத்தவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போவதுதான் அதன் சாவு.

அந்த ஒருவருக்கு இன்று வேலை கூடியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் முப்பது விநாடி கேட்டுவிட்டால் ஒரு கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒன்று, 22 நிமிடப் பாட்டுக்கும் ஒன்று. நீளமாக எழுதுகிறவன் தன் கையைக் கடித்துக்கொள்கிறான். முப்பது விநாடியில் 'ஐவரி கேட்' முதல் பகுதியையே பாதிகூடத் தாண்டியிருக்காது. மெல்லிய கிதார் மட்டுமே கேட்டிருக்கும். இடி இறங்குவதற்குள் கல்லாப் பெட்டி மூடிவிடுகிறது.

வர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தில், பாதாள உலகத்தைப் பார்த்துவிட்டு வரும் நாயகன் ஈனியஸ் வெளியேறுவது தந்த வாசல் வழியாக. பொய்க் கனவுகளின் வாசல் வழியே உண்மையான நாயகனைக் கவி ஏன் அனுப்பினார் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக உரைகாரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: கலை எல்லாமே அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. பொய்யென்று தெரிந்தே நாம் வாசலில் போய் நிற்கிறோம். கனவில் மூழ்கி நாளைத் தொலைக்காதே என்று எச்சரிக்கும் இந்தப் பாட்டும் நம்மிடம் கேட்பது 22 நிமிடக் கனவைத்தான். ஒரு மாலையில், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அதைக் கொடுத்துப் பாருங்கள். நஷ்டமில்லை.