விண்கலத்தில் வந்த ஒரம்பரை

விடுமுறைக்குச் செலவில்லாத விளையாட்டு ஒன்று. விண்வெளிப் படம் ஒன்றைப் போடுங்கள். டிவியை மியூட் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களே ஆளுக்கொரு பாத்திரமாக வசனம் பேச வேண்டும். படம் எவ்வளவு சீரியஸோ, அவ்வளவு சிரிப்பு!

தமிழ் சினிமாவுக்கு இந்தக் குறும்பு பழசு. 1963-ல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது நாட்டைப் பிடிக்க அல்ல, பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி! பானுமதியைத் தூக்கிப்போக, எம்.ஜி.ஆர். போய் மீட்பார். 2024-ல் ‘அயலான்’ சித்தார்த்தின் குரலில் தமிழே பேசினான்.

ஆனால், வெறும் கத்தலும் வசவும் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்த கவுண்டமணியைக் கவனியுங்கள். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் மேண்டில் உடைவதை உலகப் பிரச்சினை ஆக்கினார். விண்வெளிப் படத்தில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். உலகப் பிரச்சினையை வீட்டுத் திண்ணைக்கு இறக்க வேண்டும்.

தட்டு போன்ற கலம் தரை இறங்குகிறது. ராணுவம் துப்பாக்கியைத் தூக்குகிறது. அப்போது தளபதி சொல்கிறார்: “ஏனுங்க, ஒரம்பரை வந்திருக்காங்க. காப்பி வைக்கச் சொல்லுங்க!”

பெரியவர்கள் சிரிப்பார்கள். கோவை அடுக்குமாடியில் வளரும் பேரன், “ஒரம்பரைன்னா என்ன?” என்று கேட்கக்கூடும். விருந்தாளி என்று சொன்னால் அர்த்தம் புரியும், வாசம் வராது. அந்த வாசம் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார்.

அடுத்த காட்சிக்கு மைக்கை அம்மிச்சியிடம் கொடுங்கள்.