தண்ணீர்தானே என்று விடலாமா?

கல்லூரி ஆய்வகத்துக்கு எக்ஸ்ரே கருவி வாங்குகிறவர்கள், அதைக் குளிர வைக்கும் சில்லரைக் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில், மலிவாகப் பார்த்து வாங்குகிறார்கள். இது சிக்கனம் அல்ல, பொதுப் பணத்தைப் பாழாக்கும் வழி என்பதே என் கட்சி.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது ஒரு நொடி வேலை. படிகங்களை ஆராயும் எக்ஸ்ரே குழாயோ மணிக்கணக்கில் ஓடும். கிண்டியில் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் கொலாஜன் புரதத்தின் வடிவத்தைச் சொன்னதும் இவ்வகை எக்ஸ்ரே படங்களின் துணையோடுதான். குழாய்க்கு 40 கிலோவோல்ட், 40 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 1,600 வாட். அதில் நூற்றில் ஒரு பங்குகூட எக்ஸ்ரே ஆவதில்லை; மிச்சமெல்லாம் சூடு. ஒரு நெல்மணி அளவு இடத்தில் அத்தனையும் இறங்குகிறது. பின்னால் தண்ணீர் ஓடாவிட்டால் குழாய் போயிற்று.

"குழாய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டால் போதாதா?" என்பார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால் எட்டு மணி நேரத்தில் 1,920 லிட்டர் சாக்கடைக்குப் போகும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி அது 14 பேரின் ஒருநாள் தண்ணீர். கோடையில் குடத்தோடு நிற்கும் முதுநகர்வாசியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்! தவிர, நம் பக்கத்து உப்புத் தண்ணீர் கெய்சரில் படிவதுபோல் குழாயின் நுண்ணிய வழிகளிலும் படிந்து அடைத்துவிடும். அதனால் சுத்திகரித்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுழற்றும் சில்லர்தான் வேண்டும்.

அதிலும் எதையாவது வாங்கிவிடக் கூடாது. வடநாட்டு வறண்ட ஊருக்குச் சரியானது கடலோரத்துக்குச் சரிப்படாது. தண்ணீரை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால், ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதுபோல் குழாய்த் தலையும் வியர்க்கும். பல்லாயிரம் வோல்ட் ஓடும் இடத்தில் ஈரம் ஆகுமா?

"குறைந்த விலைக்குத்தானே கொடுக்க வேண்டும், ஆடிட்டில் கேட்பார்களே" என்பது அடுத்த சாக்கு. கோப்போடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்: தமிழ்நாட்டின் 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், டெண்டரில் குறித்த, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களை வைத்தே குறைந்த விலையைத் தீர்மானிக்கச் சொல்கிறது. அம்சங்களை எழுதாமல் விட்டது யார்?

எழுத வேண்டியவை இவை: மே மாத வெயிலிலும் குழாயின் முழுச் சூட்டையும் தாங்கும் திறன்; நீரோட்டம் குறைந்தால் உயர் மின்னழுத்தத்தைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்; வடிகட்டி; வேண்டிய அளவில் வெப்பநிலையை நிறுத்தும் வசதி; பக்கத்து ஊரிலேயே பழுது பார்க்க ஆள். ஜெனரேட்டர் லைனில் எக்ஸ்ரே கருவியை மட்டும் சேர்த்துவிட்டுச் சில்லரை விட்டுவிடவும் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைப் பார்த்த ஊருக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

கருவி பழுதானால் துறைத்தலைவருக்குச் சம்பளம் நிற்காது. ஆராய்ச்சிக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஒரு வருஷம் போகும். அந்த வருஷத்தின் விலையையும் டெண்டர் கணக்கில் சேர்க்கட்டும்.