புதுப் பாவு பிணையட்டுமே!

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை அணி. நம்ம பொதட்டூர்பேட்டை டீக்கடையில் ஒரே புலம்பல். பேட்டிங், சுழல், பீல்டிங் என மூன்று வேலை பார்த்தவர். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடிச்சு கோப்பை தந்தவர். அவரையா விடுவது? எனக்கும் நெஞ்சு வலித்தது.

ஆனால் 2021-இல் இதே ராஜஸ்தானிலிருந்து வந்த உத்தப்பாவையும் 'வயசாச்சுப்பா' என்று கேலி செய்தவன்தான் நான். டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் 63 ரன் அடிச்சு என் வாயை அடைத்தார்; கோப்பையும் வந்தது.

புதுப் பாவு பிணைத்த தறி முதல் நாளே வேகம் பிடிக்குமா? இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிறோம், தறியையா உடைக்கிறோம்? அந்தப் பொறுமை சஞ்சுவுக்கும் வேண்டும். முதல் டக்குக்கே திட்டுகிறவன் ரசிகனா, சொல்லுங்கள்!