படிக்க முடியாத எழுத்து

களியக்காவிளை தாண்டினால் பேருந்துப் பலகையில் எழுத்து மாறிவிடும். பாறசாலை, பூவார் பக்கம் தமிழ் மட்டும் படித்தவர்களுக்கு மலையாளத்தின் சுழிகள் கண்ணுக்குப் பழகியவை, நாக்குக்கு வராதவை. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக்கூடத்தில் மலையாளம் படித்தவர்களுக்கும் அந்தக் கதிதான். அங்குள்ள அவருடைய ஓவியங்களில் இருப்பது பார்த்தால் மலையாளம், எழுத்துக்கூட்டினால் ஒரு சொல்லும் சேராது.

அந்த எழுத்துக்கு வந்து சேரப் பணிக்கருக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. 1911-இல் கோவையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவர். 1957-இல் அவருக்குப் பின் அங்கேயே முதல்வர். தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகள். பிறகு வான்கோ வந்தார், அஜந்தா வந்தது. அந்தக் காலத்துப் படங்களில் இந்தச் செல்வாக்குகள் வெளிப்படையாகவே தெரியும்.

1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை தொடங்கியது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் பொறி தட்டியது என்பார்கள். இயற்கணிதக் குறிகள், ஜாதகக் கட்டம், நெருக்கமாகக் கிறுக்கிய வரிகள். நம் வீட்டுப் பரண்பெட்டியில் கிடப்பவைதாம். ஆனால் அவற்றை ஓவியமாகப் பார்க்க, பிறர் ஓவியங்களில் இருபது ஆண்டுக்கு மேல் பழகிய கண் தேவைப்பட்டது.

1966-இல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் பலரும் அறிந்தது. நம் போன்ற சிற்றிதழ்க்காரர்கள் நினைக்க வேண்டியது இன்னொன்று.

பணிக்கர் முதல்வராக இருந்தபோது அந்தப் பள்ளியில் படித்தவர் கே.எம். ஆதிமூலம். குருவின் புரியாத எழுத்தை அவர் நகலெடுக்கவில்லை. 1969-இல், காந்தி நூற்றாண்டின்போது, கறுப்பு மையில் காந்தியை விதவிதமாக வரைந்தார். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து கொடுத்தார். தமிழ் எழுத்து அவர் கையில் மரப்பட்டைபோல, பாறைபோல முரடாக எழுந்து நின்றது. குரு எழுத்திலிருந்து பொருளைக் கழற்றினார். சீடர் பொருள் குலையாமல் எழுத்தின் உடம்பை மாற்றினார்.

இருவருமே பிறரிடம் பயின்றுதான் தம் வழிக்கு வந்தார்கள். ஆனால் 'யார் சாயலும் இல்லாமல் வரைய வேண்டும்' என்று முதல் படத்திலேயே தவிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பூவாரிலிருந்து நெய்யாற்றின்கரை வழியே போனால், அந்த ஓவியக்கூடம் ஒரு காலைப் பயணம்தான். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அவர்களை அங்கே அனுப்புங்கள். பார்த்து வரையட்டும்.