தொலைந்த ஏடிஎம் கார்டும் தேடுசொற்களும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஆணி அதிகம். கான்பூருக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறது. நான் ஹிந்தி பேசினால் தங்கமணி இன்னும் சிரிக்கிறார் :-) ஆனாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது இப்போதெல்லாம் அவருடைய முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிடுகிறது. இந்தப் பதிவே அந்த முதல் வாக்கியத்தைப் பற்றியதுதான்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வீடியோ கான்ஃபரன்ஸ். இணைய விளம்பரத்தைக் கவனிக்கும் ஏஜென்சி ஆட்கள் பவர்பாயிண்ட் போட்டுத் தாக்கினார்கள். தலைப்பு, 'போட்டியாளர்களின் தேடுசொற்கள்'. அதாவது கூகிளில் எந்தெந்தச் சொல்லைத் தட்டினால் மற்ற வங்கிகளின் தளங்கள் முதல் பக்கத்தில் வருகின்றன, அவற்றில் எதற்கெல்லாம் நம் தளம் வருவதில்லை என்று கண்டுபிடித்து, அந்த ஓட்டையை அடைப்பது. நான் காமர்ஸ் படித்தவன், கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. ஆனால் இது எனக்கு உடனே பிடிபட்டது. ஏனென்றால் கிளையில் நாங்கள் வருடக்கணக்காகச் செய்கிற வேலைதான். ஒருவருடைய கணக்கிலிருந்து மாதாமாதம் 5-ம் தேதி வேறொரு வங்கிக்குத் தவணை போகிறதென்றால், அவர் வீட்டுக்கடனை அங்கே வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். உடனே அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "வட்டி எவ்வளவு போடுகிறார்கள் சார்?" என்று ஆரம்பிப்போம். எதிராளியின் கடையை எட்டிப் பார்க்க நம் லெட்ஜரே போதும்.

இணையத்தில் அந்த லெட்ஜருக்குப் பதில் சில கருவிகள் இருக்கின்றன. செம்ரஷ், ஏஹெச்ரெஃப்ஸ் போன்றவை காசுக்குக் கிடைப்பவை. ஏராளமான சொற்களைத் தாங்களே தேடி, யார் எந்த இடத்தில் வருகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அது எந்தச் சொற்களுக்கு வருகிறது என்று பட்டியல் தரும். கூகிளின் கீவேர்ட் பிளானரிலும் எதிராளியின் முகவரியைக் கொடுத்தால் தொடர்புள்ள சொற்களைக் காட்டும். விளம்பரக் கணக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நம் தளத்துக்கு யார் என்ன தேடி வந்தார்கள் என்பதை சர்ச் கன்சோல் சொல்லும். அடுத்தவர் தளத்தைப் பற்றி அது வாயே திறக்காது. ஆகவே எதிராளியைப் பற்றி நமக்குக் கிடைப்பது எல்லாமே உத்தேசக் கணக்குதான்.

(பழைய பதிவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் ஹிட் கவுண்டரைத் திறந்தாலே கூகிளாண்டவரிடம் யார் என்ன கேட்டு நம் பக்கம் வந்தார்கள் என்று தெரியும். அதை வைத்தே ஒரு மொக்கைப் பதிவு தேற்றலாம். 2011-ல் ஆரம்பித்து 2013-க்குள் கூகிள் அதை மூடிவிட்டது.)

ஏஜென்சியின் பட்டியலைப் பார்த்தேன். பெர்சனல் லோன், ஹோம் லோன் வட்டி, எஃப்டி ரேட், கிரெடிட் கார்ட், கோல்ட் லோன். எல்லாம் பணம் வரும் சொற்கள். நான் மைக்கை ஆன் செய்து கேட்டேன்: "ஏடிஎம் கார்ட் தொலைந்தால் மக்கள் என்ன தேடுகிறார்கள், அதற்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தீர்களா?" எதிர்முனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "சார், அந்தச் சொல்லில் பிசினஸ் இல்லை."

அப்படியா?

எங்கள் கிளையில் ஒரு பெரியவர். இங்குள்ள ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஏடிஎம் கார்டைக் காணோம். மகன் வெளியூரில். போனை வாயருகே வைத்து எங்கள் வங்கியின் பெயரைச் சொல்லி, "ஏடிஎம் கோ கயா, நம்பர்" என்று பேசினார். கார்ட் தொலைந்துவிட்டது, நம்பர் வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். வந்த பக்கங்களில் ஒன்றில் எங்கள் வங்கியின் பெயர், எங்கள் வங்கியின் லோகோ, பத்து இலக்க மொபைல் எண். கூப்பிட்டார். எடுத்தவன் "பாபூஜி, கவலைப்படாதீர்கள்" என்று பேசி, கார்டை பிளாக் செய்ய என்று ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அது போன் திரையை அப்படியே எதிராளிக்குக் காட்டும் செயலி. இரண்டு மணி நேரத்தில் மூன்று பரிமாற்றம். 1,38,000 ரூபாய்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து நின்று அவர் சொன்ன முதல் வாக்கியம்: "சாப், ஏடிஎம் கோ கயா. நேற்றே கஸ்டமர் கேரில் சொல்லிவிட்டேன், புதுக் கார்ட் எப்போது வரும்?" கணக்கைத் திறந்து பார்த்த எனக்குத்தான் நாக்கு வறண்டது. 1930-க்கு அடித்தோம், சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தோம். போய்ச் சேர்ந்த வங்கியில் 22,000 ரூபாயை நிறுத்திவைக்க முடிந்தது. மிச்சம் போனது போனதுதான். கார்ட்? பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

2017 ஜூலை 6-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரையிலான நஷ்டம் அவருடையது, அதற்குப் பிறகு நடப்பது வங்கியுடையது என்றது. பெரியவர் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 'வங்கி பொறுப்பேற்க இயலாது' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் அடியேன்தான். விதிப்படி சரி. ஆனால் கவனக்குறைவு அவருடையது மட்டும்தானா என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்.

அந்தத் திருடன் என்ன செய்தான் என்று யோசியுங்கள். ஏஜென்சி எங்களுக்குச் செய்துகொடுத்த அதே வேலையைத்தான் செய்தான். இந்த வங்கியின் வாடிக்கையாளர் ஆபத்தில் என்ன சொல் பேசுவார், அந்தச் சொல்லில் வங்கி இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை என்றதும் கடையை விரித்தான். எங்களுக்குப் போட்டியாளர் எதிர் வரிசையில் இருக்கும் தனியார் வங்கி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேடல் பக்கத்தில் அப்படிக் கிடையாது. அந்தச் சொல்லில் யார் நிற்கிறாரோ அவர்தான் போட்டியாளர்.

இது புதுசும் இல்லை. 2018-லேயே கூகிள் மேப்பில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்ணை மாற்றி வைத்து மோசடி செய்கிறார்கள் என்று மகாராஷ்டிர சைபர் போலீசுக்குப் புகார் போனது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டில் தேடுபொறி வழியாக வரும் போலி எண்களுக்கென்றே தனிப்பகுதி உண்டு. அறிவுரை எல்லாம் வாடிக்கையாளருக்குத்தான்: தேடாதீர்கள், அதிகாரபூர்வத் தளத்துக்குப் போங்கள். ஐயா, அந்தத் தளத்துக்குப் போகத்தானே அவர் தேடினார்!

வீடியோ கான்ஃபரன்ஸ் முடிந்த கையோடு ஒரு வேலை செய்தேன். ஒரு பழைய டைரியை எடுத்து, ஒரு மாதம், கவுண்டருக்கு வருபவர்களின் முதல் வாக்கியத்தை அப்படியே குறித்தேன். ராத்திரி சாப்பிட்டபின் ஒவ்வொன்றாகப் போனில் தேடி, முதல் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பக்கத்திலேயே எழுதினேன். (கூகிள் நம் பழக்கத்தைப் பார்த்து முடிவை மாற்றும் என்பதால், கணக்கில் நுழையாமல் மறைநிலைச் சாளரத்தில் தேட வேண்டும்.) தங்கமணி, "இது என்ன, பேங்க்ல சம்பளம் கூட்டித் தர்றாங்களா?" என்றார்.

நாற்பத்து சொச்சம் வாக்கியங்கள் தேறின. பாதிக்கும் மேல் எங்கள் தளம் வரவே இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். "பைசா கட் கயா, ஏடிஎம் ஸே நிக்லா நஹீன்" என்கிறார் ஒருவர். பணம் பிடித்துவிட்டார்கள், மெஷினில் வரவில்லை. எங்கள் தளத்தில் அதன் பெயர் 'ஃபெயில்ட் டிரான்ஸாக்‌ஷன்களுக்கான கிரீவன்ஸ் ரிட்ரெஸல்'. கார்ட் தொலைந்ததற்கு எங்கள் பெயர் 'ஹாட்லிஸ்டிங்'. இந்த வார்த்தையை உலகத்தில் வங்கிக்காரனைத் தவிர யார் சொல்வார்கள்? அதுவும் ஒரு பிடிஎஃப் கோப்புக்குள் மூன்றாம் பக்கத்தில்.

அந்த ஏடிஎம் வாக்கியத்துக்கு முதலில் வந்ததெல்லாம் தனியார் ஆலோசனைத் தளங்கள். அவர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அப்படிப் பிடித்த பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இதை ஊருக்குப் புரிகிற வார்த்தையில் எழுதி வைக்க எந்த வங்கிக்கும் அவ்வளவாக ஆசையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. நானும் வங்கிக்காரன்தான், ஹி ஹி.

அடுத்தவர் பெயரையே தேடுசொல்லாக விலைக்கு வாங்கி விளம்பரம் போடுவது பற்றி நீதிமன்றம் வரை சண்டை நடந்திருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகச் சின்னத்தைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவதே தவறாகிவிடாது, ஆனால் மக்களைக் குழப்பினால் கூகிளும் தப்பிக்க முடியாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம் வழக்கிலும் குழப்பம் இல்லையென்றால் மீறல் இல்லை என்றே தீர்ப்பு. பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் இருக்கிறார். பெரியவருக்கு யார்?

2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் முகவரியைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அதனால் பலன். போனிடம் வாயால் பேசித் தேடுகிறவர், பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார். ஊரில் என் அம்மாவும் அப்படித்தான் தேடுகிறார், கோலமாவுக்கும் சரி, கேஸ் சிலிண்டருக்கும் சரி.

அதனால் என் கட்சி இதுதான். போட்டியாளர் சொற்களைத் தேடுங்கள், தப்பே இல்லை. ஆனால் கடன் விற்கும் சொற்களுக்கு முன்னால் பயத்தில் கேட்கும் சொற்களைத் தேடுங்கள். அந்தப் பட்டியல் எந்தக் கருவியிலும் முழுதாகக் கிடைக்காது, கவுண்டரில்தான் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஜனங்கள் பேசும் வார்த்தையிலேயே தலைப்பு, மேலே பெரிதாக 1800 எண். வாரம் ஒருமுறை யாராவது தேடிப் பார்த்து, பக்கத்தில் போலி நின்றால் கூகிளுக்குப் புகார் செய்ய வேண்டும். பர்சனல் லோன் விளம்பரத்துக்கு ஆகும் செலவில் இது தூசு. என் டைரிக் குறிப்புகளை டைப் அடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். 'நோட்டட்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அரசாங்க பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பெரியவர் இந்த மாதமும் பென்ஷன் எடுக்க வந்திருந்தார். கார்ட் வேண்டாமாம், வித்டிராயல் ஸ்லிப்தான். பணத்தை இரண்டு முறை எண்ணி உள்பையில் வைத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார். "மேனேஜர் சாப், அந்த நம்பரை நீங்களே இதில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்."

எண்ணை அடித்துவிட்டு, "என்ன பெயர் போடட்டும் பாபூஜி?" என்றேன். வங்கியின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏடிஎம் கோ கயா என்று போடுங்கள்."